கூடைப்பந்து தந்த பெருமகன் டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்

விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது உடல் வலிமையே. உயரமானவன் கூடைப்பந்துக்கு, விரைந்து ஓடுபவன் கபடிக்கு, தோள்வலி மிக்கவன் குண்டெறிதலுக்கு என்று நாம் எளிதாகப் பிரித்து விடுகிறோம். ஆனால் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று ஒரு போட்டியை முழுமையாகக் கண்டவர்களுக்கு மற்றோர் உண்மையும் தெரியும். முப்பத்தைந்து நிமிடம் முன்னணியில் இருந்த அணி, கடைசி ஐந்து நிமிடத்தில் நிலைகுலைந்து போகிறது. பயிற்சியின்போது கண்ணை மூடிக்கொண்டு வளையத்தில் பந்தைப் போடுகிறவன், போட்டியில் ஒரு புள்ளி தேவைப்படும் வேளையில் தவறவிடுகிறான். உடல் அதே உடல்தான். கையும் அதே கைதான். மாறியது எது? உள்ளம் அல்லவா?

செயலின் உறுதிக்கு மனத்தின் உறுதியே அடிப்படை என்பதை வள்ளுவப் பெருந்தகை வினைத்திட்பம் என்று தனி அதிகாரமே வகுத்து உணர்த்தினார். அதே உண்மையை ஆடுகளத்தில் ஆராயும் துறையே விளையாட்டு உளவியல். இது நேற்று முளைத்த துறை என்றும், பணம் படைத்த அணிகளுக்கே உரியது என்றும் நம்மில் பலர் எண்ணுகிறோம். கூடைப்பந்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது. அந்த ஆட்டத்தின் வித்தே ஓர் உளவியல் வகுப்பில் ஊன்றப்பட்டது. அடங்க மறுத்த 18 இளைஞர்களின் மனத்தை வழிப்படுத்தவே அது பிறந்தது. அதனைப் படைத்தளித்த டாக்டர் ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் வாழ்க்கை, மாணவ நண்பர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

ஆதரவற்ற இளமை

நெய்ஸ்மித் 1861-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் கனடா நாட்டின் ஆன்டாரியோ மாநிலத்தில், ஆல்மான்ட் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். நம் ஆரணிக்குப் பட்டு எப்படியோ அப்படி ஆல்மான்ட்டுக்குக் கம்பளி. ஆற்றங்கரையில் வரிசையாக நெசவாலைகள் நின்ற ஊர் அது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய எளிய குடும்பம் அவருடையது. 1870-ஆம் ஆண்டில் நச்சுக் காய்ச்சல் அக்குடும்பத்தைத் தாக்கியது. தந்தையும் தாயும் அடுத்தடுத்து மறைந்தனர். ஒன்பது வயதுகூட நிரம்பாத சிறுவனையும் உடன்பிறந்தோரையும் தாய்வழி உறவினர் வளர்த்தனர். தாய்மாமன் பீட்டர் கண்டிப்பானவர். உழைப்பையே அன்பின் வடிவமாகக் காட்டியவர்.

அவ்வூர்ச் சிறுவர்கள் ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. பெரிய பாறை ஒன்றின்மேல் சிறு கல் ஒன்றை வைத்து, தொலைவில் நின்று வேறு கல்லெறிந்து அதனை வீழ்த்த வேண்டும். வேகமாக எறிந்தவனின் கல் குறி தப்பினால் நெடுந்தொலைவு போய் விழும். அதை எடுத்து வருவதற்குள் காவலிருப்பவன் அவனைத் தொட்டுவிடுவான். மெல்ல, வில்போல் வளைந்து செல்லுமாறு எறிந்தவனுக்கோ அந்த ஆபத்து இல்லை. வலிமையைவிடப் பதமே வெல்லும் என்ற இப்பாடம் சிறுவன் ஜேம்ஸின் மனத்தில் தங்கிவிட்டது. அது இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாள் பயன்படும் என்று அன்று யார் அறிவார்?

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, மரம் வெட்டும் முகாம்களில் சில ஆண்டுகள் கூலிவேலை செய்தார் அவர். பிறகு மனம் மாறி, தம்மைவிட இளையவர்களோடு அதே பள்ளியில் வந்து அமர்ந்தார். வயது கடந்தவன் என்ற கூச்சத்தை வென்று படித்துத் தேறி, மாண்ட்ரீல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1887-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சமய குருவாக வேண்டும் என்ற நோக்கத்தோடு இறையியலும் பயின்றார்.

வாழ்வைத் திருப்பிய ஒரு கணம்

மெக்கில்லில் அவர் ரக்பி கால்பந்து ஆடினார். சமயக் கல்வி பயிலும் மாணவன் இத்தகைய முரட்டு ஆட்டம் ஆடுவதா என்று உடன் பயின்றோர் முகம் சுளித்தனர். அவருக்காகச் சிலர் கூடி இறைவனிடம் மன்றாடியதும் உண்டாம்! ஆயினும் அவர் ஆட்டத்தை விடவில்லை.

ஒரு போட்டியின்போது, அவருக்குப் பக்கத்தில் நின்று ஆடிய தோழன் சினம் தலைக்கேறித் தகாத சொற்களை உதிர்த்துவிட்டான். உடனே அருகில் இருப்பவர் நெய்ஸ்மித் என்பதை உணர்ந்து, வெட்கி, அவரிடம் மன்னிப்புக் கேட்டான். இத்தனைக்கும் நெய்ஸ்மித் அவனைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னதில்லை. அறிவுரை வழங்கியதும் இல்லை. உடன் நின்று தூய்மையாக ஆடினார், அவ்வளவே. அந்தச் சிறு நிகழ்ச்சி அவரைச் சிந்திக்க வைத்தது. மேடையில் நின்று ஆயிரம் சொற்கள் பேசிச் செய்வதை, ஆடுகளத்தில் உடன் நின்றே செய்துவிட முடியும் போலிருக்கிறதே என்று எண்ணினார். 1890-ஆம் ஆண்டில் குருத்துவப் பணிக்குச் செல்லாமல், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியை நாடிச் சென்றார். அவர் எடுத்த முடிவை அவருடைய தமக்கை ஆனி கடைசி வரையில் ஏற்கவே இல்லை. பெற்றோர் இல்லாத வீட்டில் தாய்போல் இருந்தவரின் மனத்தாங்கலைச் சுமந்துகொண்டே அவர் தம் வழியில் நடந்தார்.

அடங்காத வகுப்பு

ஸ்பிரிங்ஃபீல்டில் உடற்கல்வித் துறைக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் லூதர் குலிக். உடல், அறிவு, ஆன்மா ஆகிய மூன்றும் சேர்ந்தவனே மனிதன் என்ற கருத்தை ஒய்.எம்.சி.ஏ.வின் முக்கோணச் சின்னத்தில் பொறித்தவர் அவர். அவர் நடத்திய உளவியல் வகுப்பில் புதுப்புனைவு பற்றிய பேச்சு எழுந்தது. முற்றிலும் புதியது என்று உலகில் எதுவும் இல்லை. முன்பே உள்ளவற்றின் கூறுகளைப் புதிய முறையில் சேர்ப்பதே புதுமை என்பது குலிக்கின் கருத்து. அப்படியானால் குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தையும் அவ்வாறே உருவாக்கலாம் அல்லவா என்ற வினா அவ்வகுப்பிலேயே எழுந்தது.

அந்த வினாவுக்கு விடை காண வேண்டிய நெருக்கடியும் விரைவிலேயே வந்தது. பனிக்காலத்தில் வெளியே ஆட இயலாது. உள்ளேயோ உடற்பயிற்சி அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். செயலர் பணிக்குப் பயின்று வந்த 18 இளைஞர்கள் கொண்ட ஒரு வகுப்புக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவர்களைக் கட்டுப்படுத்த முடியாமல் ஆசிரியர் இருவர் ஒருவர் பின் ஒருவராக விலகிக் கொண்டனர். மூன்றாவதாக அப்பொறுப்பு நெய்ஸ்மித்திடம் வந்தது. 14 நாள் தவணை.

குற்றம் மாணவர்களிடம் இல்லை, கொடுக்கப்படும் பயிற்சியில்தான் இருக்கிறது என்று அவர் கருதினார். அதுவே அவருடைய ஆசிரியப் பெருமை! கால்பந்தையும் லாக்ராஸ் என்னும் ஆட்டத்தையும் சுருக்கி உள்ளே ஆடவைத்துப் பார்த்தார். அடிதடியும் காயமுமே மிஞ்சின. தவணை முடியும் தறுவாயில் அவர் ஆட்டங்களை விட்டுவிட்டு ஆடுவோரின் மனத்தை ஆராயத் தொடங்கினார். முரட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது? பந்தைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடுகிறான். அவனைத் தடுக்க மற்றவன் மேலே விழ வேண்டியிருக்கிறது. ஆகவே பந்தோடு ஓடுவதையே தடைசெய்தால் மோதலுக்கு வேலை இல்லை. இலக்கு நேர் எதிரே இருந்தால் வேகமாக எறியத் தோன்றும். அதையே தலைக்கு மேலே, வாய் மேல்நோக்கி இருக்குமாறு வைத்துவிட்டால்? அப்போது இளமையில் ஆடிய கல்லெறி ஆட்டம் அவர் நினைவுக்கு வந்தது. வேகம் பயன்படாது, பதமே பயன்படும்.

கட்டடக் காவலரிடம் அவர் கேட்டது இரண்டு பெட்டிகள். கிடைத்தவை பீச் பழக்கூடைகள் இரண்டு. மாடி நடைபாதையின் கைப்பிடியில் அவற்றை அடித்தார். அதன் உயரம் 10 அடி. இன்று உலகெங்கும் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பது அந்தக் கைப்பிடியின் தற்செயலால்தான். பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், பக்கத்துக்கு ஒன்பதின்மராக அந்தப் 18 பேரும் ஆடினர். முழு ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு கூடை. போட்டவர் வில்லியம் சேஸ். ஆனால் நெய்ஸ்மித் நாடிய வெற்றி வேறு. அடங்க மறுத்த அவ்வகுப்பு ஆட்டத்தை விட்டுப் போக மறுத்தது!

அந்த விதிகளை உளவியல் நோக்கில் பார்த்தால் வியப்பே மேலிடும். தோளால் இடிப்பதும், பிடிப்பதும், தள்ளுவதும், அடிப்பதும் பிழை. ஒருவன் இரண்டாம் முறை பிழை செய்தால், அடுத்த கூடை விழும்வரை வெளியே நிற்க வேண்டும். ஓர் அணி தொடர்ந்து மூன்று பிழை செய்தால், எதிரணிக்கு ஒரு கூடை கணக்கு. அதாவது ஒருவனுடைய சினத்துக்கு அணி முழுவதும் விலை கொடுக்க வேண்டும். சினத்தை அடக்கு என்று அவர் போதிக்கவில்லை. அடக்கியவனே வெல்லக்கூடிய ஆட்டத்தை வகுத்தார்.

உலகெங்கும் பரவுதல்

1892-ஆம் ஆண்டு சனவரியில் விதிகள் பள்ளி இதழில் வெளியாயின. சில வாரங்களுக்குள் அருகிலிருந்த பள்ளியின் ஆசிரியைகளும் ஆட முன்வந்தனர். அவர்களுள் ஒருவரான மாட் ஷெர்மனை 1894-இல் நெய்ஸ்மித் மணந்தார். கூடைப்பந்து ஆடவர்க்கே உரியது என்று எண்ணுவோர், அந்த ஆட்டம் பிறந்த முதலாண்டிலேயே மகளிர் களம் இறங்கினர் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

அந்த முதல் வகுப்பு மாணவருள் ஒருவரான டங்கன் பேட்டன் 1894-இல் இவ்வாட்டத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். தமிழகத்தில் அது வேரூன்றப் பெருந்துணை புரிந்தவர் ஹாரி குரோ பக். அவரும் ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவரே. 1919-இல் சென்னைக்கு வந்து, 1920-இல் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளிதான் இன்று நந்தனத்தில் கல்லூரியாக விளங்குகிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியோடு சென்ற பக், 1943-இல் மறையும்வரை நம் நாட்டின் உடற்கல்விக்கே உழைத்தார். அவர் பள்ளியில் பயின்றவர்கள் தென்னாட்டுப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களாகச் சென்றனர். நெய்ஸ்மித் ஏற்றிய விளக்கின் ஒளி இவ்வாறு நம் வாயில்வரை வந்து சேர்ந்தது.

தோற்றவரா, வென்றவரா?

நெய்ஸ்மித் டென்வர் நகரில் பணியாற்றிக்கொண்டே மருத்துவம் படித்து 1898-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்று உடற்கல்வியையும் வழிபாட்டுப் பணியையும் ஏற்றார். அங்கு 1907 வரை கூடைப்பந்து அணியின் பயிற்றுநராகவும் இருந்தார். அவருடைய அணி வென்ற போட்டிகள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்றுநர், அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே! இந்த முரணை எவ்வாறு புரிந்துகொள்வது?

கூடைப்பந்தை ஆட வேண்டுமே தவிர, அதற்குப் பயிற்றுநர் தேவையில்லை என்பது அவர் எண்ணம். அவருடைய மாணவர் ஃபாக் ஆலன் பயிற்றுநராகப் போவதாகச் சொன்னபோது அவர் அதையே சொல்லித் தடுத்துப் பார்த்தார். ஆலன் கேட்கவில்லை; கான்சாஸ் அணியை 39 பருவங்கள் நடத்தி 590 போட்டிகளில் வென்று காட்டினார். பயிற்சியால் அணியை உயர்த்த முடியும் என்பதை ஆலன் மெய்ப்பித்தார். அப்படியானால் குருவின் கருத்து பிழையா?

முழுவதும் பிழை என்று சொல்லிவிட முடியாது. வெற்றிக்காக ஆட்டக்காரனைப் பொறியாக்குவதையே நெய்ஸ்மித் விரும்பவில்லை. கூடைப்பந்து ஆடுவோரிடம் வளர வேண்டிய பண்புகளை அவர் பட்டியலிட்டார். தானே முனைந்து செயல்படுதல், சுறுசுறுப்பு, குறிதவறாமை, விழிப்பு, ஒத்துழைப்பு, திறன், நொடியில் முடிவெடுத்தல், விரைவு, தன்னம்பிக்கை, தன்னலம் துறத்தல், தன்னடக்கம், விளையாட்டுப் பண்பு என அவை விரியும். இப்பன்னிரண்டில் உடலைச் சார்ந்தவை எத்தனை, மனத்தைச் சார்ந்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் மனத்தின் பண்புகளே! இன்றைய விளையாட்டு உளவியலாளர் அணிக்குக் கற்பிப்பனவும் பெரும்பாலும் இவையே.

அவர் காலத்திலேயே இத்துறை அறிவியல் வடிவம் பெறத் தொடங்கிற்று. 1918 முதல் கூடைப்பந்து, கால்பந்து வீரர்களின் மனநிலையைக் கவனித்து வந்த கோல்மன் கிரிஃபித், 1925-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தார். 1926-இல் பயிற்றுநருக்கான உளவியல் நூல் ஒன்றும் எழுதினார். பணமின்மையால் 1932-இல் அக்கூடம் மூடப்பட்டது. ஆனால் அவர் இட்ட விதை அழியவில்லை. 1965-இல் உரோம் நகரில் விளையாட்டு உளவியலுக்கென உலகச் சங்கமே தோன்றியது.

ஒதுக்கப்பட்டவனுக்குக் கொடுத்த கை

நெய்ஸ்மித்தின் வாழ்வில் போற்றத்தக்க மற்றொரு செயல் உண்டு. 1933-இல் ஜான் மெக்லெண்டன் என்ற கறுப்பின இளைஞர் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி பயிலச் சேர்ந்தார். நிறத்தின் காரணமாக அவர் கூடைப்பந்து அணியில் ஆட இயலாது; நீச்சல் குளத்தில் இறங்கவும் எதிர்ப்பு. எழுபதை எட்டிய முதியவரான நெய்ஸ்மித் அவருக்கு வழிகாட்டியாக நின்றார். ஆடும் உரிமை மறுக்கப்பட்டவனுக்கு ஆட்டத்தின் நுட்பங்களையெல்லாம் கற்பித்தார். மெக்லெண்டன் மனம் உடையவில்லை. பிற்காலத்தில் தலைசிறந்த பயிற்றுநராகி, 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தம் கல்லூரி அணியைத் தேசியப் பட்டம் வெல்லச் செய்தார். 55-க்கு 60 என்ற கணக்கில் நெய்ஸ்மித்தின் இவ்வெற்றி எங்கே பதிவாகியிருக்கிறது?

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றது. அமெரிக்கக் கூடைப்பந்து அன்பர்கள் சிறுசிறு தொகையாகத் திரட்டி அம்முதியவரை அங்கு அனுப்பி வைத்தனர். தம் ஆட்டத்தால் பெரும்பொருள் எதுவும் ஈட்டாதவர் அவர். பழக்கூடையில் தொடங்கிய ஆட்டத்தைப் பல நாட்டுக் கொடிகளின் கீழ் கண்டு மகிழ்ந்தார். 1939-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், மூளையில் ஏற்பட்ட குருதிக் கசிவால், லாரன்ஸ் நகரில் அவர் மறைந்தார். 1959-இல் தொடங்கப்பெற்ற கூடைப்பந்துப் புகழ்மன்றம் அவர் பெயரையே தாங்கி ஸ்பிரிங்ஃபீல்டில் நிற்கிறது.

நமக்கு உரிய பாடம்

இவ்வாழ்க்கை நம் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு எதைச் சொல்கிறது? மனப்பயிற்சிக்குப் பெரிய கருவிகளோ வெளிநாட்டு வல்லுநர்களோ கட்டாயம் இல்லை என்பதே முதற்பாடம். தனி எறிதலை எடுத்துக் கொள்ளுங்கள். வளையத்துக்கு நேரே 4.6 மீட்டரில் கோடு. தடுப்பார் யாரும் இல்லை. ஐந்து நொடிக்குள் எறிந்துவிட வேண்டும். அந்த ஐந்து நொடியில் எதிரி வேறெவரும் இல்லை, தன் மனமே. ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் நின்று, பந்தை இரண்டு முறை தட்டி, மூச்சை நீள விட்டு, வளையத்தை மட்டும் நோக்கி எறியப் பழகினால், ஆரவாரம் காதில் விழாது. கண்மூடி அமர்ந்து, எறியும் அசைவை மனத்திலேயே ஒத்திகை பார்ப்பதும் பயன் தரும். பழகிய ஆட்டக்காரருக்கு அந்த ஒத்திகை கைப்பயிற்சியை நெருங்கிய பலனைத் தந்ததை 1960-இல் அமெரிக்கப் பள்ளி மாணவரிடையே நடந்த ஓர் ஆய்வு காட்டியது. கைப்பயிற்சியை விட்டுவிடலாம் என்பதன்று இதன் பொருள். இரண்டும் சேர வேண்டும்.

இரண்டாவது, தவறியதை அங்கேயே விடுதல். நம் ஊர்த் தெருக்களில் தறி ஓசை கேட்காதவர் யார்? இழை அறுந்தால் நெசவாளர் தறியை விட்டு எழுந்து ஓடுவதில்லை. யார் குற்றம் என்று பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுவதும் இல்லை. அறுந்ததைப் பிணைத்துவிட்டு அடுத்த ஊடையைச் செலுத்துகிறார். பந்தைப் பறிகொடுத்தவனும் அவ்வாறே உடனே திரும்பித் தற்காக்க ஓட வேண்டும். தலையில் கைவைத்து நிற்கும் அந்த இரண்டு நொடியில்தான் எதிரணி கூடை போடுகிறது.

மூன்றாவது, அணியின் பேச்சு. இடைவேளையாகக் கிடைக்கும் ஒரு நிமிடத்தைக் குற்றம் சாட்டுவதில் கழிக்கும் அணி, அந்த நிமிடத்தில் இருமுறை தோற்கிறது. அடுத்து செய்ய வேண்டிய ஒன்றை மட்டும் ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்க வேண்டும். பாவில் ஓர் இழை தளர்ந்தாலும் சேலை முழுவதும் அது தெரியும். அணியும் அப்படித்தான். நல்ல நிலையில் நிற்கும் தோழனுக்குப் பந்தைக் கொடுத்துவிட்டுத் தன் புள்ளியைத் துறப்பவனே நெய்ஸ்மித் கனவு கண்ட ஆட்டக்காரன்.

வெற்றி வேண்டாம் என்று சொல்வார் யார்? ஆலனைப்போல் வெல்லவும் வேண்டும். ஆனால் மனப்பயிற்சி கோப்பைக்காக மட்டுமே என்றால், கோப்பை கைநழுவிய அன்றே அது பயனற்றுப் போகும். சினத்தை அடக்கவும், தவற்றிலிருந்து மீளவும், பிறனை நம்பவும் ஆடுகளத்தில் கற்றவனுக்கு அக்கல்வி தேர்விலும் தொழிலிலும் குடும்பத்திலும் துணை நிற்கும். அப்பயனை எந்தப் புள்ளிப் பலகையும் காட்டாது. மாலைதோறும் ஆடுகளத்தில் இறங்கும் நம் மாணவ மாணவியர் வளையத்தை அண்ணாந்து நோக்கும்போது, அதை அங்கே மாட்டிய அப்பெருமகனின் நோக்கத்தையும் நினைப்பார்களாக. வாழ்க அவர் புகழ்! வளர்க நம் அணி!